பச்சை டேப்

ஆறாம் பயிற்சி:
இருவர், ஒரு மேசை, வசனம் கூடாது.
ஒரு நிமிடத்தை ஒரு ஃபிரேம்கூடத் தாண்டக் கூடாது.

திபிலிசியின் வடக்கு ஓரம், க்ல்தானி.
எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு தின்னும்.
சில்லறை இல்லாத நாளில் ஒன்பது மாடிக்கும் கால்தான்.
அப்படி மூச்சிரைக்க ஏறிய ஒரு மாலையில்
மூன்றாம் மாடி மல்காஸும்
ஏழாம் மாடி லமாராவும் நினைவுக்கு வந்தார்கள்.
கூடப்பிறந்தவர்கள்.
அப்பா விட்டுப்போன தகரக் கராஜை
விற்பதா வைத்திருப்பதா என்பதில்
நான்கு வருடமாகப் பேச்சில்லை.
லிஃப்டுக்குள் ஒருவர் நின்றால்
மற்றவருக்கு ஷூ நாடா அவிழ்ந்துவிடும்.

நடிக்க வருவீர்களா என்றதும் இருவருமே தலையாட்டினார்கள்.
"அவள் இல்லாத நாளாகப் பார்" என்றார் மல்காஸ்.
"அவன் போன பிறகு,
ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டு" என்றார் லமாரா.

வியாழக்கிழமை, என் சமையலறையில் மல்காஸ்.
எதிரே வெறும் நாற்காலி.
லமாராவின் கண் இருக்கவேண்டிய உயரத்தில்
சுவரில் ஒரு துண்டு பச்சை டேப்.
அதைப் பாருங்கள் என்றேன்.
"என்ன நினைத்துக்கொண்டு?"
அது என் நோட்டில் இல்லை.
சும்மா பாருங்கள்.
சிறுநீரகக் கல்லை நினைத்தாராம், பிறகு சொன்னார்.
ஆனால் சூரியகாந்தி விதை கொறித்தபடி
அந்த டேப்பை அவர் பார்த்த பார்வையில்
கேமரா பிடித்த என் கை லேசாக ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை லமாரா.
வியாழன் தட்டில் கிடந்த விதைத்தோல்
பதினேழையும் எண்ணிப் போட்டேன்.
வெளிச்சம் மாறாதிருக்கத் திரைச்சீலையை இழுத்தேன்.
குளிர்பெட்டி இரைகிறதே என்று பிளக்கைப் பிடுங்கினேன்.
எல்லாம் செய்தேன்.
டேப்பைத் தப்பான பக்கத்தில் ஒட்டினேன்.

ராத்திரி எடிட்டிங்கில்தான் தெரிந்தது.
அண்ணன். வெட்டு. தங்கை. வெட்டு.
இருவரும் இடது பக்கமே பார்க்கிறார்கள்,
ஃபிரேமுக்கு வெளியே நிற்கும் மூன்றாவது எதையோ.
கராஜையாக இருக்கும்.

ஒரு பட்டன்தான்.
லமாராவின் ஷாட்டைக் கண்ணாடிபோலத் திருப்பினேன்.
சட்டென்று
வியாழக்கிழமை ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தது.
ஞாயிறு கண்ணைத் தாழ்த்தியது.
பன்னிரண்டு ஃபிரேமுக்குள்
நான்கு வருடம் ராசியாகிவிட்டது.
நடக்காத ஒன்றை நடத்திவிட்ட கூச்சத்தில்
எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.
கெட்டுப்போன பாலின் வாடை
அப்போதுதான் மூக்கில் ஏறியது.

கண் ஏமாந்தது, காது ஏமாறவில்லை.
வியாழனின் மௌனத்தில் குளிர்பெட்டி இரைகிறது,
ஞாயிறின் மௌனத்தில் இல்லை.
ஒவ்வொரு வெட்டிலும் அறை
மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டது.
யாரும் அசையாத வியாழனில் அரை நிமிடம் நறுக்கி
இருவருக்கும் அடியில் பாய்போல விரித்தேன்.
ஐம்பத்தெட்டு நொடி. முடிந்தது.

திங்களன்று மல்காஸ் பார்த்தார்.
தன் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார்.
மூன்றாம் தரம் திரையில் விரலை வைத்து
"மச்சம் இந்தக் கன்னத்தில் இல்லையே,
அவளுக்கு இடது" என்றார்.
"நீ என்ன படிக்கிறாய் அங்கே?"

காசு போட்டு ஏழாம் மாடிக்கு வந்தேன்.
டேப்பைத் தப்பாக ஒட்டிவிட்டேன், மறுபடி எடுக்கணும்.
"யார் கண்டுபிடித்தது?"
சொன்னேன். மச்சத்தையும் சொன்னேன்.
லமாரா கன்னத்தைத் தடவினார்,
முதலில் வலது, பிறகு இடது,
தனக்கே சந்தேகம் வந்தாற்போல.
"எத்தனை நேரம் பார்த்தான்?"
மூன்று தரம்.
உங்கள் ஷாட்டுகள் மட்டும் என்றால்
எழுபத்தைந்து நொடி.

ஆணியில் தொங்கிய கோட்டை
எடுப்பதற்கு அவருக்கு அதைவிட அதிகமானது.

லிஃப்டில் காசு அவரே போட்டார்.
இந்த முறை
குளிர்பெட்டியை ஓடவிட்டேன்.